சுகந்தியிடம் நான் சொல்லாத செய்தி

நான் அவளிடம் சொல்லவேயில்லை. நான் சொன்னதாகவும், அது தன் காதில்தான் விழவில்லை என்றும் அவள் நம்பினாள். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதுதான் என் குற்றம். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் விவரம் மட்டுமே.

விவரம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். பாலங்களின் அடிக்கல்லில் என்ன ஆண்டு பொறித்திருக்கிறது, எந்தத் திரையரங்கு எந்த மாதம் இடிக்கப்பட்டது, வைகையில் எந்த ஆண்டு தண்ணீர் கரை தொட்டது... மதுரையைப் பற்றி இப்படி எதைக் கேட்டாலும் சொல்வேன். வரலாற்றில் முதுகலை படித்தவன். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்தவன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, அது எந்த ஆண்டு அச்சானது என்று பார்ப்பவன்.

அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு இல்லாதிருந்தால், நான் இன்று குற்றவாளி இல்லை. வெறும் அறியாதவன்!

நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டில், காளவாசல் பக்கம் ஒரு மாடியில் இயங்கிய மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததை நாங்கள் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு சொல் புரியவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். கோடுகள் கூடினால் நம் பெயர் கெடும். வரிக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம்.

சுகந்தி எனக்கு இடப்பக்கத்து இருக்கை. சோழவந்தானில் இருந்து மேலக்கால் வழியாக வரும் பஸ்ஸில் தினமும் வந்துபோவாள். விலங்கியல் படித்தவள். கணவருக்குக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை. ஒரு பெண் குழந்தை. வந்த முதல் வாரத்திலிருந்தே என்னை அண்ணே என்றுதான் அழைத்தாள். மற்றவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘கல்வெட்டு’.

“என்ன கல்வெட்டு, இன்னைக்கு எத்தனாவது நூற்றாண்டுல இருக்கீக?” என்று செந்தில் தினமும் கேட்பான். எங்கள் பிரிவில் அவன்தான் சிரிப்பு மூட்டுகிறவன். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அந்தப் பெயரில் எனக்குப் பெருமைதான்.

2003 கோடையில் ஒருநாள், டீ குடிக்கப் போன இடத்தில் சுகந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிறாதீக. இடது காது சுத்தமா கேக்கல. சின்னதுல சீழ் வச்ச காது. இம்புட்டு நாளா வலது காத வச்சே ஓட்டிட்டேன். இப்ப அதுலயும் கொஞ்சம் இரைச்சலா இருக்காப்புல பயமா இருக்கு.”

காதை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் காது போனால் என்ன மிச்சம்? நான் ஆறுதல் சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்குப் பிடிபடாத சொற்களை நான் கேட்டுச் சொன்னேன். “அண்ணே, இத ஒருவாட்டி கேளுங்களேன்” என்று ஹெட்போனை நீட்டுவாள். இந்த உதவிகளையெல்லாம் நான் மறைக்கவில்லை. அவற்றை என் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெடிக்கல் கோடிங் என்ற பேச்சு அலுவலகத்தில் அடிபட்டது.

அதற்குக் காது வேண்டாம். கண் போதும். மருத்துவர் எழுதிவைத்திருக்கும் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் புத்தகத்தில் தேடிப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். எண் தவறினால் பில் திரும்பி வந்துவிடும். எங்கள் நிறுவனம் மதுரையிலும் கோடிங் தொடங்கப்போகிறது, இருப்பவர்களில் ஒருவரைத் தேர்வு வைத்து எடுத்துச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பும் என்றார்கள். ஒரே ஓர் ஆள்.

சுகந்தியின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்... பார்த்தவன் நான்தான்.

“அண்ணே, இது எனக்குன்னே வந்த வேலை மாதிரி இருக்குல்ல?”

“ரெண்டு பேரும் சேந்து படிப்பம்மா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் நான் கெட்டவன் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று ஏன் இவ்வளவு தவிக்கிறேன்?

புத்தகம் தேடுவது என் பொறுப்பானது. சென்னையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த பழைய நண்பர் ஒருவரிடம் எண்களின் புத்தகம் ஒன்று ஜெராக்ஸாக இருந்தது. தடிமனானது. முன்பக்கங்கள் இல்லை. அதையே இரண்டு பிரதி எடுத்து, சுருள்கம்பி போட்டுக் கட்டி, ஒன்றை அவளிடம் கொடுத்தேன். அது எந்த ஆண்டுப் புத்தகம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தலைப்புப் பக்கமே இல்லாத புத்தகத்தை என்னவென்று பார்ப்பது? இந்த இடம்வரை நான் நிரபராதி. குறித்துக்கொள்ளுங்கள், இந்த இடம்வரை.

படிக்கத் தொடங்கினோம். எனக்கு உடம்பு என்றால் தலை, கை, கால் அவ்வளவுதான். அவள்தான் எனக்குக் குடலையும் குலையையும் கற்றுக்கொடுத்தாள். பித்தநாளம் எனக்கு எத்தனை முறை படித்தும் புரியவில்லை. ஒருநாள் டீக்கடைப் பெஞ்சில் தண்ணீரைத் தொட்டுக் கோடு இழுத்தாள்.

“கல்லீரல்தான் பெரியார் பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்கங்க. பித்தப்பை ஆரப்பாளையம். ரெண்டுலயிருந்தும் வர்ற ரோடு நம்ம காளவாசல்ல வந்து சேருது. அங்க ஒரு லாரி குறுக்க நின்டுபோச்சுன்னா என்னண்ணே ஆகும்?”

“டிராபிக் ஜாம்.”

“அதான் கல்லு. லாரி ஆரப்பாளையத்துக்குள்ளயே நின்னா ஒரு நம்பரு, காளவாசல்ல வந்து நின்னா வேற நம்பரு. அம்புட்டுத்தான்!”

அதற்குப் பிறகு எனக்குப் பித்தநாளம் மறக்கவே இல்லை. சாகும்வரை மறக்காது.

வாரம் ஒருமுறை நாங்களே மாதிரித் தேர்வு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அவள் என்னை முந்தினாள். ஓரிரு மதிப்பெண்ணில் இல்லை. நான் பாதித் தாளில் திணறிக்கொண்டிருக்கும்போது அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பாள். நான் புத்தகத்தில் தேடுவேன். அவள் நோயைப் புரிந்துகொண்டு தேடுவாள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது கடலளவு.

ஒருநாள் டீக்கடையில் செந்தில் எங்கள் தாள்களை எட்டிப் பார்த்துவிட்டான்.

“அடேங்கப்பா! கல்வெட்டு, சோழவந்தான் எக்ஸ்பிரஸ் ஒங்கள ஓவர்டேக் பண்ணிப் போயிருச்சே! ஆரன்கூட அடிக்கலயேப்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. “அண்ணன் படிச்ச படிப்பு வேறடா” என்று எனக்காகப் பரிந்து பேசினாள். அந்தச் சிரிப்பைவிட இந்தப் பரிவுதான் என்னைச் சுட்டது.

அன்று முதல் என்னுள் ஏதோ புளிக்கத் தொடங்கியது. நான் யார்? ஊரே தேதி கேட்க வரும் ஆள். இவள் யார்? வாழ்க்கையில் ஒரு நாவல் முழுதாக வாசிக்காதவள்! இப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் மெருகேற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதே சொற்களில்தான் நினைத்தேன்.

நவம்பரில் எங்கள் சூப்பர்வைசர் மோகன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் இளையவர். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் பேசுவார், எங்களிடம் மதுரைத் தமிழ், அமெரிக்காவிடம் ஆங்கிலம். மூன்றிலும் ஒரே நிதானம். மேசைமேல் ஒரு பார்சல் இருந்தது.

“நீங்கதான் சார் புத்தக ஆளு. கோடிங் புக் வந்திருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோயி ஒரு அட்ட போட்டுக் கொண்டாந்திருங்க.”

பார்சலைப் பிரித்தேன். பழக்கம் கையில் இருந்தது. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினேன். புதிய ஆண்டு. வரப்போகும் 2004-க்கு உரியது.

“ஒவ்வொரு அக்டோபருக்கும் நம்பர மாத்திருவாங்க சார்” என்றார் மோகன். “போன வருசம் நாலு இலக்கமா இருந்தது இந்த வருசம் அஞ்சாகியிருக்கும். பழசப் போட்டா பில்லு திரும்பிரும். சென்னையிலருந்துதான் கேள்வித்தாள் வருது, மாறுனதுலதான் தோண்டிக் கேப்பாங்க. அவங்கவங்க புக்கப் பாத்து எழுதலாம், ஆனா புது புக்கா இருக்கணும். மத்தவங்களுக்கு நான் சொல்லிட்டேன். சுகந்திகிட்ட நீங்க சொல்லிருங்க. ரெண்டு பேரும் சேந்துதான படிக்கிறீங்க?”

“சொல்லிர்றேன் சார்.”

சொல்லிர்றேன்! இந்த ஒரு சொல்லை நான் என் வாயால் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஜெராக்ஸின் அடி ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட பொடி எழுத்தில், ஓர் ஆண்டு இருந்தது. இரண்டு ஆண்டு பழையது. ஐந்து மாதங்களாக நாங்கள் விரலை வைத்துத் தேடிய பக்கங்கள்... ஆண்டைத் தேடித் திரியும் என் கண்ணுக்கு அதுவரை அது தட்டுப்படவில்லை.

மறுநாளே புதுப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். ஒரு பிரதி.

ஏன் ஒன்று? கடைக்காரரும் கேட்டார். “எப்பவும் ரெண்டுதான சார் போடுவீக?” நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு எளிது என்று அந்தக் கடை வாசலில் கற்றுக்கொண்டேன்.

நாளை சொல்லலாம் என்று முதல்நாள் நினைத்தேன். அவளுக்குத்தான் பாடம் அத்துப்படியாயிற்றே, கடைசி வாரத்தில் சொன்னாலும் பிடித்துக்கொள்வாள் என்று பிறகு நினைத்தேன். அதற்குப் பிறகு நினைப்பதையே நிறுத்திவிட்டேன். என் நாட்குறிப்புகளில் அந்த வாரங்களில் மழை இருக்கிறது, வைகையில் வந்த தண்ணீர் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் தோண்டிய பள்ளம்கூட இருக்கிறது. இது இல்லை.

என் புதுப் பிரதிக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டேன், அவள் கண்ணில் வேறுபாடு படாமல் இருக்க. அவளோ அதைப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டாள்.

“எம் புக்கும் கிழியுதுண்ணே. எனக்கும் இதே மாதிரி ஒரு அட்ட போட்டுக் குடுங்களேன். ஒங்க கை சுத்தமா இருக்கும்.”

போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பழைய, பயனற்ற புத்தகத்துக்கு, ஓரங்களை மடித்து, மூலைகளை ஒட்டி, மேலே லேபிளில் அவள் பெயரை என் அழகான கையெழுத்தில் எழுதி... தெரிந்தே போட்டுக் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கொலைகாரனுக்குக்கூட ஒரு கணநேர வெறி என்று சொல்ல இடம் உண்டு. எனக்கு என்ன இருக்கிறது? பசை காயும்வரை காத்திருந்தவன் நான்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. செந்தில் இன்டர்நெட் சென்டரில் அச்செடுத்த புது எண்களின் தாள்களோடு வந்து, அரைமணி நேரம் எழுதிவிட்டு, “எனக்குக் காதே போதும்ப்பா” என்று எழுந்து போய்விட்டான். கடைசிவரை எழுதியவர்கள் நாங்கள் இருவர். வழக்கம்போல் அவள் எனக்கு முன்பே முடித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்காக வெளியே காத்திருந்தாள்.

அடுத்த வாரம் மோகன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்.

“என்னம்மா இது? நோயெல்லாம் கரெக்டா பிடிச்சிருக்க. இவரு தப்பு விட்ட எடத்துலகூட நீ கரெக்ட். ஆனா போட்ட நம்பரு பாதிக்குப் பாதி செத்த நம்பரு. பழைய பஞ்சாங்கத்த வச்சுக்கிட்டு யாராவது கல்யாணத்துக்கு நாள் குறிப்பாங்களா? புது புக் வேணும்னு சொல்லி விட்டேனே. இவரு சொல்லலையா?”

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவள் முந்திக்கொண்டாள்.

“அண்ணன் சொல்லியிருப்பாக சார். நாந்தான்... எனக்குத்தான் சரியா விழல.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை. பயம் இருந்தது. தன் காதைப் பற்றிய பயம்!

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று என்னைத் தேற்றினாள். கேளுங்கள், அவள் என்னைத் தேற்றினாள்!

“நீங்க சங்கடப்படாதீகண்ணே. நீங்க சொல்லியிருக்கீக, நான் வேற ஏதோன்னு நெனச்சுத் தலையாட்டியிருப்பேன். எனக்கே தெரியாம இப்பிடி எத்தன தடவ தலையாட்டுனேனோ... நீங்க நல்லபடியா மெட்ராசுக்குப் போயிட்டு வாங்க. ஒருத்தராச்சும் ஜெயிச்சமே.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒடம்பப் பாத்துக்கம்மா” என்றேன். அது மட்டும்தான் என் வாயில் வந்தது.

எனக்கு அந்த இடம் தேவையே இல்லை. என் இரண்டு காதுகளும் நன்றாகத்தான் இருந்தன. கோச்சடையில் சொந்த வீடு. இன்னும் பத்து ஆண்டு தட்டச்சு செய்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். தேவைப்பட்டவளிடமிருந்து தேவைப்படாதவன் எடுத்துக்கொண்டேன். எதற்கு? ஒரு டீக்கடைச் சிரிப்பை அழிப்பதற்கு.

சென்னையில் மூன்று மாதப் பயிற்சி. முதல்நாள் வகுப்பிலேயே ஒரு விதி சொன்னார்கள். மருத்துவர் குறிப்பில் எழுதாத எதையும் நாமாக ஊகித்து எண் போடக்கூடாது, எழுதப்படாதது நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எவ்வளவு வசதியான விதி! மழையை எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டவனுக்கு, நடக்கவே இல்லை என்று யாரோ முத்திரை குத்திக் கொடுத்ததுபோல் இருந்தது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சித்திரையில் மதுரைக்குத் திரும்பினேன். எனக்குத் தனி அறை, பகல் வேலை, மாதச் சம்பளம். என் பழைய இருக்கைக்கு இடப்பக்கம் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

செந்திலிடம் கேட்டேன். அன்று அவன் கேலி பேசவில்லை.

“அது நின்டுருச்சுண்ணே. நீங்க போனதுக்கப்புறம் அதுக்கு என்னமோ ஆகிப்போச்சு. ஒரு வரியவே நாலுவாட்டி அஞ்சுவாட்டி கேக்கும். நாங்க ஏதாச்சும் சொன்னாக்கூட, ‘என்ன சொன்ன, என்ன சொன்ன’ன்னு வாயவே பாத்துக்கிட்டு நிக்கும். பைலு பூராம் கோடு. மோகன் சார் ரெண்டுவாட்டி கூப்புட்டுப் பேசுனாரு. ஒருநா அதுவே வந்து, காது போச்சு சார்னு சொல்லிட்டு அழுதுக்கிட்டே போயிருச்சு.”

அவள் கடைசியாகச் செய்த கோப்புகள் சில இன்னும் கணினியில் இருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கேட்டேன். தெளிவான குரல். நிறுத்தி நிதானமாகப் பேசும் மருத்துவர். பித்தப்பைக் கல் பற்றிய குறிப்பு. அந்தச் சொல் வரும் இடத்தில், மணி அடித்ததுபோல் கேட்கும் அந்தச் சொல்லின் இடத்தில், அவள் கோடு போட்டு விட்டிருந்தாள்.

டீக்கடைப் பெஞ்சில் எனக்கு அந்தச் சொல்லைப் படம் வரைந்து காட்டியவள்!

அவள் காதுக்கு அது விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். விழுந்ததை நம்பத்தான் அவளுக்குத் துணிவில்லை. நான் ஓர் இடத்தைத்தான் திருடினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது தெரிந்தது, நான் திருடியது அதைவிடப் பெரியது என்று.

அப்போதாவது போயிருக்கலாம். ஒரு பஸ். ‘நான் சொல்லவே இல்லையம்மா, உன் காதில் குறையில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம். மோகனிடம் ஒப்புக்கொண்டிருந்தால் அவர் அவளைத் திரும்ப எடுத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். நான் போகவில்லை. அந்த ஆண்டே எனக்குக் கீழே நான்கு பேரை எடுத்தார்கள். புதிதாக வருபவர்களிடம் முதல்நாளே கேட்பேன், “எந்த வருசத்துப் புத்தகம் வச்சிருக்கீங்க?” என்று. என் கண்டிப்பை எல்லோரும் பாராட்டினார்கள்.

2007-இல், பெரியார் பஸ் நிலையத்தில் சுகந்தியைப் பார்த்தேன். வெற்றிலைக் கூடையோடு வந்து, விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு நின்றிருந்தாள். அவள்தான் முதலில் கண்டுகொண்டாள்.

“அண்ணே! எம்புட்டு நாளாச்சு! நல்லாருக்கீகளா? அண்ணி சொகமா?”

“நல்லாருக்கேம்மா. நீ...?”

“வெத்தலயக் கவுளி கட்டிக் கொண்டாந்து போடுறேண்ணே. நூறு நூறா எண்ணி அடுக்கணும், அம்புட்டுத்தான். இதுக்குக் காது வேணாம்ல!” என்று சிரித்தாள். பிறகு கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என் இடப்பக்கமாக வந்து நின்றாள். “அண்ணே, ஒண்ணு ஒங்ககிட்டக் கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு.”

“கேளு.”

“போன மாசம் பெரியாஸ்பத்திரியில காட்டுனேன். மிஷின்ல வச்சுப் பாத்தாக. இடது காது போனது போனதுதான். ஆனா வலதுல ஒரு கொறையும் இல்லைன்டாரு டாக்டரு. இரைச்சல்லாம் வெறும் பயமாம். அன்னைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்ங்கிறாரு. நீங்க எப்பவும் எனக்கு வலப்பக்கந்தானண்ணே ஒக்காருவீக? பெறகு எப்பிடி நீங்க சொன்னது எனக்கு விழாமப் போச்சு?”

பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவ்வளவு சத்தத்திலும் என் மூச்சு எனக்குக் கேட்டது. இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் எனக்குத் திறந்து வைக்க முடியாது. நுழைந்திருந்தால் போதும்.

“ஹெட்போன் மாட்டியிருந்திருப்பம்மா” என்றேன்.

“அப்பிடித்தான் இருக்கும்” என்றாள். ஆனால் விடவில்லை. “என்னைக்குண்ணே சொன்னீக? ஒங்களுக்குத்தான் தேதியெல்லாம் நிக்குமே!”

சொன்னேன். கொஞ்சமும் தடுமாறாமல், டிசம்பர் மாதத்தில் ஒரு தேதியைச் சொன்னேன். நம்பிக்கை வரட்டும் என்று செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் என்றும் சேர்த்துச் சொன்னேன். எத்தனையோ ஆண்டுகளாகத் தேதிகளைச் சேர்த்துவைத்த வாயிலிருந்து முதல் பொய்த் தேதி. அது எந்தத் தேதி என்று இங்கே எழுத மாட்டேன். அதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் உதட்டுக்குள் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சோழவந்தான் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் அடித்ததால் அவசரமாக ஏறினாள். வழக்கமாக “வாரேண்ணே” என்பவள், அன்று ஒன்றும் சொல்லவில்லை. விசிலின் அவசரம்தானா? ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தேர்வுக்கு முந்திய அந்த டிசம்பரில் அவள் மாமனார் இறந்துபோனார். நானே மாலை வாங்கிக்கொண்டு சோழவந்தான் போனேன், செந்திலும் கூட வந்தான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் வேலைக்கு வரவில்லை. நான் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்தப் பதினாறு நாட்களுக்கு நடுவில் விழுகிறது. அவளுடைய இருக்கை காலியாக இருந்த நாளில், நான் அவளிடம் பேசியதாகச் சொல்லியிருக்கிறேன்!

அந்த வீட்டில் ஆண்டுதோறும் திதி கொடுக்கிறார்கள். இலை போட்டு, பெயர் சொல்லி, எந்த நாளில் போனார் என்று பேசிக்கொள்வார்கள். அவள் எப்படி மறந்திருப்பாள்? பஸ் கோச்சடை தாண்டும் முன்பே கண்டுபிடித்திருப்பாள். இல்லை, அந்த மார்கழியில். அதுவும் இல்லையென்றால் அடுத்த மார்கழியில்... ஒருவேளை இன்னமும் தன் காதைத்தான் சந்தேகித்துக்கொண்டு, எண்ணி எண்ணி வெற்றிலை அடுக்கிக்கொண்டிருக்கிறாளா? இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்? கேட்காதீர்கள். ஒவ்வொரு நாளும் என் பதில் மாறுகிறது.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாகத்தான் இருந்தது. எளிதாக இருந்ததாலேயே இது ஒன்றுக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

சோழவந்தான் பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கிறது. இன்று காலையும் நின்றது. இரண்டு பெண்கள் ஏறினார்கள், ஒரு கிழவர் இறங்கினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.